கிணத்துக்குள்ள விளக்கு எரிஞ்சா போதுமா?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். காபியோ டீயோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

உத்திரமேரூர்க்காரன்னு சொன்னா உடனே எல்லாரும் "ஓ, குடவோலை!"ம்பாங்க. பராந்தக சோழன், 919, 921-ம் வருஷக் கல்வெட்டுகள், ஏரி வாரியம்னு ஏகப்பட்ட பேர் எழுதிட்டாங்க. அதனால அதை விட்டுடறேன். நான் சொல்லப்போறது எங்க ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, எங்க தாத்தா நிலத்துல இருந்த ஒரு கிணறு பத்தி. அங்கேர்ந்து ஸ்காட்லாந்து வரைக்கும் போய் வரணும். பயப்படாதீங்க, திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன் :-)

2003. தொடர்ந்து மழை பொய்த்துப்போன சமயம். ஏரியில மாடு மேயுது. கிணத்துல தண்ணி அடிமட்டத்துல கிடக்கு. பம்பு போட்டவங்களுக்குத் தெரியும், மேல உக்காந்துக்கிட்டுத் தண்ணியை உறிஞ்சுற பம்புக்கு ஒரு எல்லை உண்டு. பம்பு தண்ணியை இழுக்கறதில்லை, வெளியில இருக்கற காத்தோட அழுத்தம்தான் தண்ணியை மேல தள்ளுது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில 7 மீட்டர் கிட்ட வந்தாலே மூச்சு வாங்கிடும். அப்புறம் என்ன பண்றது? இன்ஜினையே கீழ இறக்க வேண்டியதுதான். கிணத்துக்குள்ள பாதியில இருக்கற திட்டுல, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்ல ஓட்டுற சின்ன இன்ஜினை வச்சு ஓட்டினாங்க. அந்த வருஷம் எத்தனையோ பேர் இதைத்தான் செஞ்சாங்க.

ஒரு நாள் சாயங்காலம் இன்ஜின் நின்னுபோச்சு. மண்ணெண்ணெய் ஊத்த யாராவது இறங்கணும். எங்க தாத்தா விவரமானவர். "கெணத்துல கெட்ட காத்து இருக்கும், சும்மா இறங்காதீங்கடா"ன்னு லாந்தரைக் கயித்துல கட்டி உள்ள விட்டுப் பார்த்தார். விளக்கு நல்லா எரிஞ்சுது. "சரி, போ"ன்னார். பெரியப்பா இறங்கினார். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், சத்தம் இல்லை. அப்புறம் பார்த்தா பாதிப் படியில காலு மடங்கி உக்காந்திருக்கார். கூப்பிட்டா பதில் இல்லை. நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தாங்க. வாந்தி, தலைவலி, உளறல். ஒரு மினி லாரியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அங்கதான் ஆக்சிஜன் வச்சாங்க. நாலாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஆயா சுத்திப் போட்டாங்க. கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சோம். முடியலை. அதைக் கடைசியில சொல்றேன்.

தாத்தாவுக்கு மட்டும் ஒரு கேள்வி கடைசி வரைக்கும் இருந்துச்சு. "வெளக்கு எரிஞ்சுதேடா?"

இன்ஜினியரிங் படிச்சு, வேலைக்கு வந்து, ஒரு நாள் ராத்திரி எதையோ தேடப்போய் எதையோ படிச்சப்பதான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சுது. அதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் நிலக்கரிச் சுரங்கத்துல கேட்டிருக்கார். அவர் பேர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

கதைக்கு முன்னாடி கொஞ்சம் விஷயம். கிணத்துல ரெண்டு விதமான ஆபத்து இருக்கு. ஒண்ணு, ஆக்சிஜன் குறைஞ்சு கரியமில வாயு தேங்கி நிக்கறது. இதை விளக்கு காட்டிக் கொடுக்கும். காத்துல ஆக்சிஜன் 21 சதவீதத்துலேர்ந்து 16, 17-க்கு இறங்கினாலே சாதாரண விளக்கு அணைஞ்சிடும், மனுஷன் அதுலயும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பான். நம்ம பாட்டன் பூட்டன் கண்டுபிடிச்ச அருமையான சோதனை அது. இன்னொண்ணு கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் சரியா எரியாம போனா வர்ற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காத்துல வெறும் 0.2 சதவீதம் இருந்தாலே ஆளைச் சாய்ச்சுடும். ஆனா அந்த 0.2 சதவீதத்தால ஆக்சிஜன் அளவு ஒண்ணும் பெரிசா குறையாது. அதனால விளக்கு ஜம்முனு எரியும். பக்கத்துலயே மனுஷன் விழுந்து கிடப்பான்.

ஏன் இவ்வளவு விஷம்? 1857 வாக்கிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் இதைச் சொல்லிட்டார். இந்த வாயு ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய சீட்டுல போய் உக்காந்துக்குது. ஹீமோகுளோபினோட இதுக்கு இருக்கற ஒட்டுதல், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல. நம்ம ஊர் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, அதே மாதிரி. ஆக்சிஜன் படியேறி வர்றதுக்குள்ள சீட்டு காலி.

இப்ப ஹால்டேன். 1896 ஜனவரியில வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்கத்துல வெடிவிபத்து, 57 பேர் சாவு. வெடிச்சதுல அடிபட்டும் தீயில வெந்தும்தான் செத்தாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஹால்டேன் போய் உடல்களைப் பார்த்தார், ரத்தத்தைச் சோதிச்சார். பெரும்பாலானவங்க செத்தது வெடிப்புக்கு அப்புறம் பரவின கார்பன் மோனாக்சைடுனால. வெடிச்ச இடத்துலேர்ந்து தப்பிச்சு நடந்து வந்தவங்க வழியில சுருண்டு விழுந்திருக்காங்க. விளக்கை நம்பாதீங்க, சின்ன உயிரினத்தைக் கூடக் கொண்டு போங்கன்னு அவர் சொன்னார். எலி, சின்னப் பறவை இதெல்லாம் வேகமா மூச்சு விடறதால மனுஷனுக்கு முன்னாடி மயங்கி விழும். அப்படி வந்ததுதான் சுரங்கத்துக் கேனரிக் குருவி. பிரிட்டிஷ் சுரங்கங்கள்ல 1986 வரைக்கும் அந்தக் குருவி வேலை பார்த்துச்சு.

மனுஷன் சும்மா அடுத்தவங்களைச் சோதிச்சவர் இல்லை. தானே கார்பன் மோனாக்சைடை மூச்சுல இழுத்து, ரத்தத்துல பாதிக்கு மேல அது ஏறுற வரைக்கும் உக்காந்து குறிப்பு எழுதினார். இந்த விஷத்துல காலு முதல்ல போகும், புத்தி மங்கும். "எனக்கு ஏதோ ஆகுது, மேல ஏறணும்"னு தோணுற அந்த அறிவே முதல்ல மழுங்கிடும். பெரியப்பா ஏன் கத்தலை, ஏன் ஏறி வரலைன்னு எனக்கு இதைப் படிச்சப்பதான் புரிஞ்சுது.

ஆனா இந்தப் பதிவோட ஹீரோ ஒரு எலி. 1895-ல ஹால்டேன் ஒரு எலியை ஜாடிக்குள்ள விட்டார். அது உயிரோட தப்பிக்க முடியாத அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு. ஆனா கூடவே ரெண்டு மடங்கு காற்றழுத்தத்துல ஆக்சிஜன். எலி ஜாலியா இருந்துச்சு!

எப்படி? ரத்தத்துல ஆக்சிஜனுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஹீமோகுளோபின்ல ஏறிப் போறது. இன்னொண்ணு ரத்தத்தோட திரவத்துலயே கரைஞ்சு போறது, சோடாவுல கேஸ் கரைஞ்சிருக்கற மாதிரி. சாதாரணமா இந்த ரெண்டாவது வழி ரொம்பச் சின்னது, 100 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லி. ஆனா அழுத்தம் ஏற ஏற கரையறதும் ஏறும். மூணு மடங்கு அழுத்தத்துல சுத்த ஆக்சிஜனை சுவாசிச்சா சுமார் 6 மில்லி கரையும். சும்மா இருக்கற உடம்புக்குத் தேவையானதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது எல்லா சீட்டையும் எவனோ பிடிச்சுக்கிட்டாலும், பஸ் கூரை மேல உக்காந்தே ஆக்சிஜன் ஊர் போய்ச் சேர்ந்துடும்.

இதான் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையோட விதை. ஆனா அந்த எலியிலேர்ந்து மனுஷனுக்கு வர்றதுக்கு 65 வருஷம் ஆச்சு! 1942-ல அமெரிக்காவுல எண்ட், லாங்னு ரெண்டு பேர் விலங்குகள்ல செஞ்சு பார்த்தாங்க. 1960-ல ஆம்ஸ்டர்டாம்ல போரேமாங்கிற டாக்டர், பன்னிகளோட ரத்தச் சிவப்பணுக்களைக் கிட்டத்தட்ட முழுசா எடுத்துட்டு, மூணு மடங்கு அழுத்தத்துல ஆக்சிஜனை மட்டும் வச்சு உயிரோட வச்சுக் காட்டினார். அதே 1960-ல ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோவுல ஸ்மித், ஷார்ப்னு ரெண்டு டாக்டர்கள் கார்பன் மோனாக்சைடு தாக்கின நோயாளிகளை அழுத்த அறையில வச்சு சிகிச்சை கொடுத்தாங்க. அப்ப அங்க வீட்டு அடுப்புக்கு வந்ததே நிலக்கரியிலேர்ந்து எடுத்த வாயு. அதுலயே கார்பன் மோனாக்சைடு உண்டு. அதனால நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஏன் 65 வருஷம்? முக்கியமா ரெண்டு காரணம்னு எனக்குத் தோணுது. ஒண்ணு, மனுஷனையே உள்ள வச்சு அழுத்தம் ஏத்தற அறை சாதாரண ஆஸ்பத்திரிகள்ல கிடையாது, கடற்படை மாதிரி சில இடங்கள்லதான் இருந்துச்சு. ரெண்டு, அழுத்தத்துல ஆக்சிஜனே விஷம். 1878-லயே பிரெஞ்சுக்காரர் பால் பெர்ட் இதை எழுதிட்டார், வலிப்பு வரும்னு.

இந்த ரெண்டாவது விஷயத்துலதான் கதை நம்ம பக்கம் திரும்புது. ஹால்டேனுக்கு ஒரு பையன். ஜே.பி.எஸ். ஹால்டேன், பின்னாடி பெரிய மரபியல் விஞ்ஞானி ஆனவர். சின்ன வயசுலயே அப்பா அவரைச் சுரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போய், மீத்தேன் தேங்கின இடத்துல நிக்க வச்சு ஷேக்ஸ்பியர் நாடகத்து வசனத்தை ஒப்பிக்கச் சொன்னாராம். பையன் கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கித் தரையில விழுந்தான். தரையில நல்ல காத்து. மீத்தேன் லேசானது, மேலதான் நிக்கும்னு பாடம் முடிஞ்சுது. (நம்ம அப்பாக்கள் அடிச்சதே பரவாயில்லை போலிருக்கு!)

1939 ஜூன்ல தீட்டிஸ்ங்கிற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் முழுகி 99 பேர் செத்தாங்க. அதை ஒட்டி ஜே.பி.எஸ். அழுத்த அறைக்குள்ள தானே உக்காந்து சோதனை செஞ்சார். அழுத்தத்துல ஆக்சிஜன் சுவாசிச்சு அவருக்கே வலிப்பு வந்து, முதுகெலும்புல அடிபட்டு, அந்த வலி கடைசி வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்கு அழுத்த அறையில மூணு மடங்குக்கு மேல போறதில்லை, நடுநடுவுல சாதாரணக் காத்து சுவாசிக்க விடறாங்கன்னா, அந்த எச்சரிக்கைக்குப் பின்னாடி இந்த மாதிரி ஆளுங்க பட்ட பாடு இருக்கு.

அந்த ஜே.பி.எஸ். 1957-ல இந்தியாவுக்கே வந்துட்டார். கல்கத்தாவுல இந்தியப் புள்ளியியல் கழகம், அப்புறம் புவனேஸ்வர். இந்தியக் குடியுரிமையும் வாங்கிக்கிட்டார். 1964 டிசம்பர் 1-ம் தேதி புவனேஸ்வர்ல இறந்தார். தன் உடம்பை மருத்துவ மாணவர்கள் படிக்கக் கொடுக்கணும்னு எழுதி வச்சிருந்தார். அது போய்ச் சேர்ந்த இடம் ஆந்திராவுல காக்கிநாடா, ரங்கராயா மருத்துவக் கல்லூரி. எலி ஜாடிக்குள்ள இருந்தப்ப அந்தப் பையன் சின்னக் குழந்தை. அவன் கடைசியா வந்து சேர்ந்தது நம்ம பக்கத்து மாநிலத்துக்கு.

சரி, இப்ப நம்ம கிணத்துக்கு வருவோம். பெரியப்பாவை அழுத்த அறை இருக்கற இடத்துக்குக் கொண்டு போயிருக்கணுமா?

சாஃப்ட்வேர்க்காரன் இல்லையா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரத்தத்துல ஏறின கார்பன் மோனாக்சைடு பாதியாகறதுக்குச் சாதாரணக் காத்துல சுமார் 5 மணி நேரம். முகமூடியில சுத்த ஆக்சிஜன் கொடுத்தா சுமார் 80 நிமிஷம். மூணு மடங்கு அழுத்த அறையில சுமார் 23 நிமிஷம். ஒருத்தருக்கு 40 சதவீதம் ஏறியிருக்குன்னு வச்சுக்குவோம். எங்க ஊர்லேர்ந்து சென்னைக்கு எல்லாம் சேர்த்து ரெண்டரை மணி நேரம். ஆக்சிஜன் இல்லாம வண்டியில போட்டுப் போனா, போய்ச் சேர்றப்ப 28 சதவீதம் இருக்கும். வழி முழுக்க இறுக்கமான முகமூடியில ஆக்சிஜன் கொடுத்துட்டே போனா 11 சதவீதம்தான் இருக்கும். அதாவது அறைக்குள்ள போறதுக்கு முன்னாடியே பெரும்பகுதி வேலை முடிஞ்சிருக்கும். 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல 108 ஆம்புலன்ஸ் வந்தப்புறம் இது நடக்கக்கூடிய விஷயம். 2003-ல மினி லாரியில போன எங்க பெரியப்பாவுக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் வெறும் காத்துதான்.

அப்ப அழுத்த அறை வேண்டாமா? அதுவும் இல்லை. இங்கதான் நான் விட்ட மீதிக்கதை.

வீட்டுக்கு வந்து மூணு வாரம் நல்லா இருந்தார் பெரியப்பா. அப்புறம் மாற ஆரம்பிச்சார். ஏர் ஓட்டப் போய் நடுவுல நின்னுட்டுத் திரும்பி வருவார். சொன்னதையே சொல்வார். ஊர்க் கணக்கெல்லாம் மனசுலயே வச்சிருந்தவர், மளிகைக்கடைப் பாக்கியை மறந்தார். அர்த்தமில்லாத கோபம். குடிக்கிறார்னு சிலர் சொன்னாங்க. கிணத்துல ஏதோ அடிச்சிடுச்சுன்னு பூசாரியைக் கூப்பிட்டாங்க. பெரியம்மா அழுதது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பழைய ஆளா திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. முழுசா திரும்பினாரான்னா, பெரியம்மா "ஏதோ இருக்காரு"ன்னு மட்டும்தான் சொல்வாங்க.

இது பேயும் இல்லை, குடியும் இல்லை. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தை விட்டுப் போனப்புறமும் மூளையில அது கிளப்பிவிட்ட அழற்சி ஓடிக்கிட்டே இருக்கும். சில நாள்லேர்ந்து ஆறு வாரம் வரைக்கும் எப்ப வேணா ஞாபக மறதி, சுபாவ மாற்றம், நடையில தடுமாற்றம் தலைகாட்டலாம். டாக்டர்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். எங்க வீட்டுக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

அழுத்த அறை இதைத் தடுக்குமாங்கிறதுதான் முப்பது வருஷத்துக்கும் மேலான சண்டை. 1989-ல பிரான்ஸ் ஆய்வு பெரிய பலன் இல்லைன்னுச்சு. 1999-ல ஆஸ்திரேலிய ஆய்வும் பலன் இல்லைன்னுச்சு. 2002-ல அமெரிக்காவுல வீவர் குழு 152 பேரை வச்சுச் செஞ்ச ஆய்வுல, ஆறு வாரம் கழிச்சு மூளை பாதிப்பு அழுத்த அறைக்குப் போனவங்கள்ல 25 சதவீதம், சாதாரண ஆக்சிஜன்காரங்கள்ல 46 சதவீதம். 2011-ல எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, உறுதியாச் சொல்ல முடியலைன்னுடுச்சு. அதனால இன்னிக்கு நினைவு தப்பினவங்க, கர்ப்பிணிகள், ரத்தத்துல அளவு ரொம்ப ஏறினவங்க, இவங்களுக்கு அறை பக்கத்துல இருந்தா யோசிக்கிறாங்க. நம்ம ஊர்ல அறை இருக்கறது பெரிய நகரங்கள்ல சில ஆஸ்பத்திரிகள்லயும் கடற்படையிலயும்தான். மத்தவங்களுக்கு உடனே கிடைக்கற ஒரு சிலிண்டர்தான் மருந்து.

கிணறெல்லாம் சப்மெர்சிபிள் மோட்டார் ஆயிடுச்சே, இதெல்லாம் பழைய கதைதானேன்னு நினைக்கிறீங்களா? கிணத்தை விட்டு வாயு வீட்டுக்குள்ள வந்துடுச்சு. ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசர். கரண்ட் போனா மூடின அறையில ஜெனரேட்டர். 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல பார்பிக்யூ அடுப்பை அறைக்குள்ள வச்சுட்டுத் தூங்கின ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். கொரோனா சமயத்துல எல்லாரும் விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் வாங்கி வச்சோமே, அதுக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறின ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறினதையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பான், அது 98-னு காட்டும். எங்க தாத்தாவோட லாந்தர் மாதிரியேதான். பொய் சொல்லலை, ஆனா நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலை. ரத்தத்தைத் தனியா சோதிச்சாதான் தெரியும். அதனால டாக்டர்கிட்ட "புகை, இன்ஜின், கரியடுப்பு பக்கத்துல இருந்தார்"னு நாமதான் முதல்ல சொல்லணும்.

சுருக்கமா: இன்ஜினைக் கிணத்துக்குள்ளயோ வீட்டுக்குள்ளயோ ஓட்டாதீங்க. உள்ள ஒருத்தர் விழுந்தா பின்னாடியே குதிக்காதீங்க, ரெண்டாவது சாவு பெரும்பாலும் காப்பாத்தப் போனவரோடதுதான். வெளிக்காத்துக்கு இழுங்க, 108-க்குப் போன் போட்டு ஆக்சிஜன் வேணும்னு சொல்லுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ஆறு வாரம் ஆளைக் கவனிங்க. மறதி வந்தா பூசாரிகிட்ட இல்லை, டாக்டர்கிட்ட போங்க.

தாத்தா 2011-ல போய்ச் சேர்ந்தார். "வெளக்கு எரிஞ்சுதேடா"ன்னு கேட்டப்ப எனக்குப் பதில் தெரியலை. தான் அனுப்பிச்சுதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு கடைசி வரைக்கும் நினைச்சிருந்தார். லாந்தர் மேல தப்பில்ல தாத்தா, உங்க மேலயும் தப்பில்ல, அது வேற காத்துன்னு அவருக்குச் சொல்லியிருக்கணும்.

உங்க ஊர்கள்ல கிணத்துல இறங்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்சு பார்ப்பாங்க? இந்த மாதிரி காத்துக்கு என்ன பேர் சொல்வாங்க? பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. அடுத்த பதிவு கண்டிப்பா மொக்கைதான், கவலைப்படாதீங்க :-)